ஒரே ஏட்டில் முப்பத்தாறு கைகள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் நிகழ்த்திய உரை)



சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "பதினைந்து நிமிஷம் பேசணும், தலைப்பு உங்க இஷ்டம்" என்றார். தமிழாசிரியன் ஆயிற்றே, சிலம்போ கம்பனோ வரும் என்று நினைத்திருப்பார். கூகுள் டாக்ஸ் பற்றிப் பேசறேன்னு சொன்னதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அது கம்ப்யூட்டர் சயின்ஸ்காரங்க பேசறதாச்சே?" என்றார். எழுதுவது சம்பந்தப்பட்ட எதுவும் தமிழாசிரியன் வேலைதான் என்று சொல்லி வாங்கிய அனுமதியோடு நிற்கிறேன்.

பெரியவர்களுக்காக ஒரு வார்த்தை விளக்கம். கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் இருக்கிறது. அதை ஒருவர் மட்டும் அல்ல, பல பேர், வேறு வேறு வீட்டிலிருந்து, ஒரே சமயத்தில் திறந்து எழுதலாம். நான் எழுதுவது எழுத்து எழுத்தாக உங்கள் திரையில் ஓடும். அவ்வளவுதான் விஷயம். இது நேற்று முளைத்ததும் இல்லை. மவுஸைக் கண்டுபிடித்த டக்ளஸ் எங்கல்பார்ட், 1968 டிசம்பர் 9ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில், வேறு ஊரில் இருந்த சகாவோடு ஒரே பக்கத்தைத் திரையில் பகிர்ந்துகொண்டு வேலை செய்து காட்டினார். 2005இல் ரைட்லி என்ற பெயரில் ஒரு சின்ன நிறுவனம் உலாவியிலேயே எழுதும் வசதியைக் கொண்டுவந்தது. 2006இல் கூகுள் அதை வாங்கியது. அதுதான் இன்றைய டாக்ஸ். பள்ளிகளுக்கான கூகுள் கிளாஸ்ரூம் 2014இல் வந்தது.

முப்பது பேர் ஒரே பக்கத்தில் எழுதினால் குழம்பாதா என்று கேட்பீர்கள். என் பிள்ளைகளும் கேட்டார்கள். ரேஷன் கடை வரிசையை வைத்துச் சொன்னேன். பத்தாவதாக நிற்கும் ஆளை வெளியே அனுப்பு என்று ஒருவர் உத்தரவு போடுகிறார். அந்த உத்தரவு வந்து சேருவதற்குள் ஐந்தாவது இடத்தில் ஒரு அம்மா நுழைந்துவிட்டார். இப்போது பத்தாவதாக நிற்பது வேறு ஆள்; அனுப்ப வேண்டியவர் பதினொன்றாவது இடத்தில் இருக்கிறார். யார் எப்போது நுழைந்தார் என்று கணக்குப் பார்த்து உத்தரவைத் திருத்திக்கொள்கிற வழியை 1989இல் எல்லிஸ், கிப்ஸ் என்ற இருவர் எழுதி வைத்தார்கள். டாக்ஸ் உள்ளே நடப்பது அந்த வரிசைக் கணக்கின் வளர்ச்சிதான். ஆனால் ஒன்று கவனியுங்கள். எந்த எழுத்து எங்கே போகணும் என்பதை அது பார்த்துக்கொள்ளும். யார் எழுதியதை யார் அழிக்கலாம் என்பதை அது பார்த்துக்கொள்ளாது. என் பேச்சு முழுக்க அதைப் பற்றித்தான்.

நம்ம காலத்தில் இந்த மாதிரி ஒன்று இருந்தது என்று சொன்னால் இன்றைய மாணவர்கள் நம்ப மாட்டார்கள். கையெழுத்துப் பத்திரிகை! ஒரே ஒரு பிரதி. அழகான கையெழுத்துக்காரர் ஒருவர் எழுதுவார், ஓவியம் வரத் தெரிந்தவர் அட்டை போடுவார், விடுதியில் அறை அறையாகச் சுற்றும். கடைசியில் நாலைந்து பக்கம் வெறுமனே விட்டிருப்போம், வாசகர் கருத்துக்காக. கதையை விட அந்தப் பக்கங்கள்தான் சுவாரசியம். ஆனால் யாரும் அடுத்தவன் கதையில் பேனாவை வைக்க மாட்டார்கள். மை அழியாது என்கிற பயம் பாதி, மரியாதை பாதி.

இனி என் பள்ளிக்கு வருகிறேன். நான் வேலை பார்ப்பது தெற்கே, கண்மாய்ப் பாசனம் உள்ள ஒரு ஊரின் அரசு மேல்நிலைப் பள்ளி. 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோதுதான் எங்களில் பலருக்கு இந்தக் கருவிகளின் பெயரே காதில் விழுந்தது. அப்போது செய்ததெல்லாம் வாட்ஸாப்பில் பாடத்தைப் போட்டோ எடுத்து அனுப்பியதுதான். அதைச் சேர்ந்து எழுதுவது என்று சொல்ல முடியாது. பள்ளி திறந்த பிறகு, ஹைடெக் லேபில் பத்துக் கம்ப்யூட்டரும் வகுப்பில் முப்பத்தாறு பேரும் என்ற நிலையில்தான் உருப்படியாக ஆரம்பித்தோம்.

ஒன்பதாம் வகுப்புக்கு நான் கொடுத்த வேலை, ஊர்க் கண்மாயைப் பற்றி எல்லோரும் சேர்ந்து ஒரே கட்டுரை எழுதுவது. மடை எத்தனை, கலுங்கு எங்கே, கடைசியாக எப்போது தூர் வாரினார்கள், எந்த வருஷம் உடைந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுத வேண்டும். ஆளுக்கு ஒரு பத்தி. முதல் நாள் லிங்கைத் திறந்துவிட்டதும் ஒரே கூத்து. கணக்கு இல்லாமல் லிங்க் வழியாக வருகிறவர்களுக்கு டாக்ஸ் ஏதாவது ஒரு மிருகத்தின் பெயரைச் சூட்டும். "சார், கேபிபாரான்னா என்ன சார்?" என்று ஒரு பயல் கேட்கிறான். தென் அமெரிக்காவில் இருக்கிற பெரிய எலி மாதிரி ஒரு பிராணி என்றேன். அன்றைக்குக் கண்மாய் வரலாறு ஒரு வரிகூட நகரவில்லை. மறுநாளிலிருந்து அவரவர் பெயரில்தான் உள்ளே வரலாம் என்று பூட்டிவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து வாசித்தேன். தமிழ் சுத்தமாக இருந்தது. சந்தேகம் வருகிற அளவுக்குச் சுத்தம். வெர்ஷன் ஹிஸ்டரி என்று ஒரு வசதி உண்டு. பக்கம் பிறந்ததிலிருந்து யார் எதை எழுதினார், யார் எதை அழித்தார் என்று ஆளுக்கொரு நிறத்தில் காட்டும். திறந்து பார்த்தேன். பின் வரிசையில் உட்காரும் ஒரு பெண் இப்படி எழுதியிருக்கிறாள்: "கலுங்கு பாய்ஞ்சா எங்க தாத்தா ராத்திரி வீட்டுக்கு வரமாட்டாரு. கரையிலயே சாக்கைப் போத்திக்கிட்டு உக்காந்திருப்பாரு." தாத்தா நீர்பாய்ச்சியாக இருந்தவர். வகுப்பில் முதல் மார்க் வாங்கும் பெண் அதை அழித்துவிட்டு, "உபரிநீர் வெளியேறும் காலங்களில் கரைகளில் கண்காணிப்புப் பணி மேற்கொள்ளப்பட்டது" என்று எழுதியிருந்தாள்.

சிரிக்கிறீர்கள். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. தாத்தா போய்விட்டார், சாக்கு போய்விட்டது, ராத்திரியும் போய்விட்டது. அதைவிட, எழுதியவள் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன் வரி காணாமல் போனதை அவள் பார்த்திருக்கிறாள். அது நியாயம்தான் என்று நினைத்திருக்கிறாள். முதல் மார்க் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டால் அவளும் பொல்லாதவள் இல்லை. "பரீட்சையில பேச்சு வழக்கு எழுதினா மார்க் குறைப்பாங்கல்ல சார், பாவம்னு மாத்தி விட்டேன்" என்றாள். அதுவும் உண்மைதானே!

பழைய நிலைக்கே மொத்தப் பக்கத்தையும் திருப்பினால் அதற்குப் பிறகு மற்றவர்கள் எழுதியதும் போய்விடும். அதனால் ஹிஸ்டரியிலிருந்து அந்த வரிகளை மட்டும் நகலெடுத்துத் திரும்ப வைத்தோம். வைத்தது நானல்ல, அந்த இரண்டு பெண்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வைத்தார்கள். பிறகு ஒரு வழக்கம் ஏற்படுத்தினேன். அடுத்தவர் பத்தியில் கை வைக்க வேண்டுமானால் சஜெஸ்டிங் என்ற முறையில்தான் எழுத வேண்டும். அந்த முறையில் பழைய வரி அப்படியே இருக்கும், புதுசு அதன் மேல் யோசனையாக நிற்கும். பத்திக்குச் சொந்தக்காரர் டிக் போட்டால்தான் உள்ளே போகும், வேண்டாமென்றால் தள்ளிவிடலாம். பின் வரிசைப் பெண் முதல் மார்க் பெண்ணின் யோசனை ஒன்றைத் தள்ளிவிட்டு, "எங்க ஊர்ல இதைக் கலுங்குன்னுதான் சொல்வாங்க" என்று கமென்ட் எழுதிய நாளில், நான் ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

இந்த ஹிஸ்டரியைப் பற்றி இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். அதைப் பெரிய சாட்சி என்று நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. அதே கட்டுரையில் ஒரு பையன் பெயரில் ஒரு எழுத்துகூட இல்லை. கூட இருந்த ஆசிரியர் பார்த்துவிட்டு, "இவன் ஒண்ணுமே செய்யலை சார், முட்டை போடுங்க" என்றார். பையனைக் கூப்பிட்டு, என்னப்பா என்றேன். பையிலிருந்து ஒரு ரஃப் நோட்டை எடுத்தான். ஒன்பது பக்கம். மூன்று பெரியவர்களைப் பார்த்துப் பேசி, கண்மாய் உடைந்த கதையை நாள் கணக்கோடு எழுதி வைத்திருக்கிறான். வீட்டில் இருப்பது ஒரே போன். அது அப்பாவோடு திருப்பூருக்குப் போய்விடும். லேபில் அவன் முறை வருவதற்குள் மணி அடித்துவிடும். அதனால் இவன் வாசிக்க, நண்பன் டைப் அடித்திருக்கிறான். மொத்தமும் நண்பன் நிறத்தில் இருக்கிறது. நண்பனும் நல்ல பிள்ளை. சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. இப்போது யார் சொல்லி யார் அடித்தார் என்று ஒவ்வொரு பத்தியின் கீழும் இரண்டு பெயர் போடுகிறோம்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு இது இன்னும் முக்கியமாகிவிட்டது. ஒரு பத்தி மொத்தமாக ஒரே நொடியில் வந்து விழுந்தால், மெஷின் எழுதியது என்று ஆசிரியர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். வேறு இடத்தில் அடித்து ஒட்டியதாகவும் இருக்கலாம், அக்கா போனில் அடித்து அனுப்பியதாகவும் இருக்கலாம். கள்ளம் செய்கிறவன் மெஷின் சொன்னதைப் பார்த்து எழுத்து எழுத்தாக அடித்துவிட்டால் ஹிஸ்டரியில் அவன்தான் உத்தமன்! நோட்டைக் கொண்டா, எனக்கு வாயால் சொல்லு என்று கேட்பதை விடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியவில்லை.

தமிழ் என்பதால் சில தனித் தொல்லைகள் உண்டு. கௌ என்பதற்குப் பதில் கெ போட்டுப் பக்கத்தில் ள போடுவார்கள். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, தேடினால் அகப்படாது. எங்கள் கட்டுரையில் ஒரே கௌரியம்மாள் இரண்டு விதமாக இருந்தார். பழைய எழுத்துருவில் அடித்ததை ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும், இந்த மலர் தயாரித்தவர்களைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 விசைப்பலகையை நான் சொல்லிக் கொடுக்கிறேன். பிள்ளைகள் கேட்டுக்கொண்டு, ஆங்கில எழுத்திலேயே அம்மா என்று அடித்துத் தமிழாக்கிக் கொள்கிறார்கள். போகட்டும்.

அவர்கள் எழுதிக்கொண்டிருக்கும்போது நான் பக்கத்துக்குள் போவதில்லை. என் பெயர் மேலே தெரிந்தாலே விரல்கள் நின்றுவிடும் என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. பரீட்சை ஹாலில் கண்காணிப்பாளர் நம் பின்னால் வந்து நின்றதை நினைத்துப் பார்த்தால் போதும். சனிக்கிழமை மட்டும் திறப்பேன். கமென்ட் பகுதியில் அவர்கள் கிரிக்கெட் பேசுவது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

பெற்றோராக இங்கே இருப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பிள்ளைகளின் பெயர், எழுத்து, தவறு எல்லாம் எங்கோ ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டரில் இருக்கிறதே? 2022 ஜூலையில் டென்மார்க்கின் தரவுப் பாதுகாப்பு அமைப்பு, ஹெல்சிங்கோர் நகராட்சிப் பள்ளிகளில் கூகுள் சேவைகளைச் சில காலம் நிறுத்தியே வைத்தது. ஹாம்லெட் நடக்கிற எல்சினோர்தான் அந்த ஊர்; ஆங்கில இலக்கியத்துக்காரர்கள் தலையாட்டுவது தெரிகிறது. நம் நாட்டில் 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயது நிரம்பாதவர்களைக் குழந்தைகள் என்றே வைத்து, பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. நான் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் கணக்குத் தொடங்குகிறேன். லிங்க் கிடைத்த யாரும் பார்க்கலாம் என்ற வசதியை மூடி வைத்திருக்கிறேன். வீட்டுச் சண்டை, கடன், நோய் எதையும் அந்தப் பக்கத்தில் எழுதாதே, அதற்கு நோட்டு இருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்போது என் விண்ணப்பம். சங்கம் கம்ப்யூட்டர் வாங்கித் தரட்டுமா என்று தலைவர் அன்போடு கேட்டார். தந்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு முன்னால் எனக்கு வாசகர்கள் வேண்டும். எங்கள் பிள்ளைகள் எழுதுவதை என்னைத் தவிர வேறு யாரும் வாசிப்பதில்லை. நீங்கள் துபாயில் இருந்தாலும் தூத்துக்குடியில் இருந்தாலும், மாதம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். தலைமையாசிரியர் அனுமதியோடு ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிச் சேர்ப்பேன். கமென்ட் எழுதும் உரிமை மட்டும் இருக்கும். வரியைத் திருத்த முடியாது. இன்ஜினியர்கள் அந்த மடைக் கணக்குச் சரியா என்று கேள்வி கேளுங்கள். ஊர்க்காரர்கள் உங்கள் ஊரில் கலுங்குக்கு என்ன பெயர் என்று எழுதுங்கள். "நன்று, வாழ்த்துக்கள்" என்று மட்டும் எழுதுவதாக இருந்தால் தயவுசெய்து வராதீர்கள், அது அவர்களுக்கு வீட்டிலேயே கிடைக்கிறது.

விருப்பம் உள்ளவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் நூலகத் திண்ணையில் என்னைப் பிடியுங்கள். ஒரு நோட்டு வைத்திருக்கிறேன், பெயரும் மின்னஞ்சலும் எழுதிவிட்டுப் போங்கள்.