மணி அடிப்பதற்குள்



போன ஆண்டு ஒரு பள்ளியில் பேச்சுப்போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். தலைப்பு, ‘மரம் வளர்ப்போம்’. ஆளுக்கு ஐந்து நிமிடம். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் ‘அவையோரே’ என்று கணீரெனத் தொடங்கினான். பாதியில் சொல் விட்டுப்போனது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். முன்பு வலக்கையை உயர்த்திய அதே சொல்லில் மறுபடியும் கை உயர்ந்தது. அதே இடத்தில் மறுபடியும் நின்றுபோனான். மணி அடித்தது, இறங்கிவிட்டான்.

போட்டி முடிந்து வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவன் பக்கத்தில் வந்து நின்றான். “உங்க தெருவுல மரம் இருக்கா தம்பி?” என்று சும்மா கேட்டுவைத்தேன். “முனையில ஒரு வேப்பமரம் இருந்துச்சு சார். ரோட்டை அகலப்படுத்த வெட்டிட்டாங்க. ரெண்டு நாளா அணிலெல்லாம் கரண்டு கம்பத்துல ஏறி ஏறி இறங்கிட்டே இருந்துச்சு” என்றான். பிறகு மரத்தடியில் இஸ்திரி போட்டவர் எங்கே போனார் என்பது வரை தங்குதடையில்லாமல் சொன்னான். மேடையில் அவன் சொன்னது யாரோ எழுதிக் கொடுத்தது. முதல் பரிசு வாங்கிய பிள்ளை சொன்னதும் அப்படித்தான். ஆனால் மறக்காமல் சொன்னது. நானும் அதற்குத்தான் மதிப்பெண் போட்டேன்.

மனப்பாடத்தை நான் பழிக்கவில்லை. ழகரம் நாவில் படிவதும், எந்த இடத்தில் மூச்சு வாங்கலாம் என்று பிடிபடுவதும் ஒப்பிக்கும் வயதில்தான். ஒப்பிப்பதோடு பேச்சுக்கலை முடிந்தது என்று கோப்பையைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறோமே, அதுதான் உறுத்துகிறது.

இந்த மேடை நமக்கு எப்படி வந்தது என்று பார்த்தால் சுவையாக இருக்கும். ஒருவர் புராணச் செய்யுளை வாசிக்க, இன்னொருவர் பொருள் சொல்வது கோயில்களில் பழைய வழக்கம். 1847 டிசம்பர் 31 அன்று யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் வேறொன்றைத் தொடங்கினார். ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, கூடியிருந்தவர்களைப் பார்த்து, உரைநடையில் பிரசங்கம் செய்தார். மெதடிஸ்த மிஷன் பள்ளியில் படித்து அங்கேயே ஆசிரியராகவும் இருந்தவர் அவர். பாதிரிமார் பேசும் முறையை அருகிலிருந்து பார்த்து, அந்த முறையைக் கொண்டே அவர்களுக்குப் பதில் சொன்னார். அப்போது அவருக்கு வயது 25.

1908-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்களிடம் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பேசினார்கள். எதிரே நின்றவர்களின் கூலி என்ன, எத்தனை மணி நேரம் வேலை என்பது பேசிய இருவருக்கும் தெரிந்திருந்தது. வேலைநிறுத்தம் நடந்தது, கோரிக்கையும் நிறைவேறியது. அந்த ஆண்டுப் பேச்சுகளுக்காகவே ராஜதுரோக வழக்கும் வந்தது. பிறகு குறைக்கப்பட்டாலும், முதலில் வ.உ.சி.க்கு விதித்த தண்டனை 40 ஆண்டு, சிவாவுக்கு 10 ஆண்டு. சிவாவுக்கு வயது 23.

திருக்குறளில் 73-ஆம் அதிகாரம் அவையஞ்சாமை. பேச்சுப் பயிற்சி வகுப்புகளில் எல்லாரும் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். “எதிரில் இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொள், பயம் போய்விடும்” என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதற்கு முந்தைய அதிகாரம், 72, அவையறிதல். எதிரில் இருப்பவர்கள் யார் என்று தெரிந்துகொள்ளச் சொல்லிவிட்டுத்தான் அஞ்சாதே என்கிறார் வள்ளுவர். நாம் ஒரு படியைத் தாண்டிக் குதிக்கிறோம்.

இதைச் சொல்லும் எனக்கும் இப்போது அவை கண்ணில் படவில்லை. எதிரே ஒரு மைக், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு செய்பவர், அவ்வளவுதான். நீங்கள் அடுப்படியில் இருக்கிறீர்களா, பேருந்திலா என்று ஊகித்துக்கொண்டுதான் பேசுகிறேன்.

அவையறிந்த பேச்சு ஒன்றை அண்மையில் கேட்டேன். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. அக்டோபர் 2 அதில் ஒன்று. அன்று ஓர் ஊரில் கல்லூரியில் முதலாண்டு படிக்கும் பெண் எழுந்தாள். பேச்சுப்போட்டிப் பக்கமே போகாதவள் என்று பிறகு அவள் அம்மா சொன்னார். கையில் நாள்காட்டித் தாள் ஒன்று, அதன் பின்பக்கம் பென்சில் குறிப்பு. தாள் நடுங்கியது.

“எங்க தெருக்குழாய்ல பதினைஞ்சு நாள்ல நாலு நாள்தான் தண்ணி வந்திருக்கு. தேதி எழுதி வச்சிருக்கேன். நாலு நாளும் காலையில ஒன்பது மணிக்கு மேலதான் வந்துச்சு. அந்த நேரம் எங்க தெருப் பொம்பளைங்க எல்லாரும் நூறு நாள் வேலைக்குப் போயிடுறாங்க.”

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. பின்வரிசையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். ஊராட்சிக் கிளார்க் தீர்மான நோட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

“இன்னொரு தடவை சொல்லும்மா. தேதியைக் குறிச்சுக்கறேன்.”