எதிரொலியும் மூலநாதமும்

பாறை மலைக்கு எதிரே நின்று ஒருவன் உரத்துக் கூவுகிறான். ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் வேகத்திற் செல்வது. மலை 17 மீற்றர் தூரத்தில் நிற்குமாயின், பத்திலொரு செக்கன் கழித்து அவன் குரல் அவனிடமே மீள்கிறது. மீண்டு வருவது மங்கியிருக்கலாம், தேய்ந்துமிருக்கலாம். ஆனால், அவன் வாயிலிருந்து முதலிற் பிறந்த குரலை மலை தீண்டுவதில்லை. மின் கிற்றார் வாசிப்போர் காலால் மிதித்து இயக்கும் ‘டிலே பெடல்’ என்னும் எதிரொலிக் கருவிக்கும் இதுவே உரைகல். அது தரும் எதிரொலியின் அழகைப் பலரும் ஆராய்கின்றனர். மூலநாதத்தை அது என்ன செய்கிறது என்பதைச் சிலரே ஆராய்கின்றனர்.

இக்கருவியின் மூதாதை ஒலிப்பதிவு நாடாவாகும். 1954ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில், சாம் பிலிப்ஸ் என்பார் எல்விஸ் பிரெஸ்லியின் பாடல்களைப் பதிவு செய்தபோது நாடாவின் தாமதத்தைக் கொண்டே எதிரொலியை உண்டாக்கினார். பதியும் முனைக்கும் படிக்கும் முனைக்கும் இடையிலுள்ள தூரத்தை நாடா கடக்கும் நேரமே எதிரொலியின் தாமதம். நாடா செக்கனுக்கு ஏழரை அங்குலம் ஓடினால், ஓரங்குல இடைவெளி ஏறத்தாழ 133 மில்லி செக்கன் தாமதத்தைத் தரும்.

1969இல் ஒல்லாந்து நாட்டுப் பிலிப்ஸ் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த சாங்ஸ்டர், தீயர் என்னும் இருவர் வேறொரு வழி கண்டனர். தீயணைக்க வரிசையாக நிற்போர் வாளி நீரைக் கைமாற்றுவது போல, மின்னேற்றத்தை ஒரு சிறு கூறிலிருந்து அடுத்ததற்கு மாற்றிச் செல்வதே அவ்வழி. கைமாறுந்தோறும் சிறிது சிந்தும். இரைச்சலை அடக்குவதற்காக உச்ச ஒலிகளும் வடிகட்டப்படும். ஆதலால் இவ்வகைப் பெடலின் எதிரொலி மென்மையாய், சற்றே மங்கலாய் ஒலிக்கும். 1980களின் நடுப்பகுதியில், ஒலியை எண்களாக்கிச் சேமிக்கும் டிஜிற்றல் முறை சிறிய பெடல்களுக்குள்ளும் புகுந்தது. எதிரொலி தெளிவடைந்தது, தாமதத்தின் அளவும் நீண்டது.

இங்கேதான் தெரிவு செய்பவன் விழிப்பாயிருத்தல் வேண்டும். சில டிஜிற்றல் பெடல்களில் எதிரொலி மட்டுமன்றி மூலநாதமும் எண்களாக மாற்றப்பட்டு, மீண்டும் ஒலியாக்கப்படுகிறது. நல்ல கருவியில் இம்மாற்றம் செவிக்குப் புலனாகாது. மலிவான கருவியில் விரலின் நுண்மையை அது மழுக்கக்கூடும். வேறு சிலவற்றில் மூலநாதம் தன் தனிவழியே செல்ல, எதிரொலி பின்னர் அதனோடு கலக்கிறது. ‘அனலொக் ட்ரை’ என விற்பனையாளர் குறிப்பது இதனையே. பெடலின் கைந்நூலில் முதலிற் பார்க்க வேண்டியதும் இதுவே.

இரண்டாவது கேள்வி, பெடல் அணைந்திருக்கும்போது எழுவது. ‘ட்ரூ பைபாஸ்’ உடைய பெடல், அணைந்ததும் வெறுங்கம்பியாகிவிடும். அது முழுநன்மை என்று எண்ணுவோர் பலர். ஆயினும், கிற்றார்க் கம்பி ஒவ்வொரு மீற்றருக்கும் ஏறத்தாழ 100 பிக்கோபரட் மின்கொள்ளளவு உடையது. இருபுறமும் ஆறாறு மீற்றர்க் கம்பி பூட்டினால், 1,200 பிக்கோபரட் அளவு கிற்றாரின் மெல்லிய மின்னோட்டத்தின்மேற் சுமையாகி, உச்ச ஒலிகள் தேய்கின்றன. ‘பஃபர்’ என்னும் சிறு சுற்று அச்சுமையைத் தாங்கிக்கொள்ளும். நீண்ட கம்பியோடும் பல பெடல்களோடும் வாசிப்பவனுக்கு, தொடக்கத்தில் நல்ல பஃபர் ஒன்று பயன் தரும். பழைய வகை ‘ஃபஸ்’ பெடல் வைத்திருப்பவன் மட்டும் அதனைப் பஃபருக்கு முன்னே வைத்தல் நன்று.

மூன்றாவது, கலவைத் திருகி. சில பெடல்களில் எதிரொலியைக் கூட்டக்கூட மூலநாதம் குறைகிறது. எதிரொலியின் அளவை மட்டும் மாற்றும் திருகியாயின், மூலநாதம் தன் நிலையிலேயே நிற்கும்.

கடையிற் சோதிக்கும் முறை எளிது. வாசிப்பவன் தன் கிற்றாரையும் தன் கம்பிகளையும் கொண்டு செல்லட்டும். முதலில் ஒலிபெருக்கியோடு நேரே பூட்டி வாசிக்கட்டும். அடுத்து, பெடலை இடையிற் பூட்டி அணைத்த நிலையிலும், பின் எதிரொலியைச் சூனியமாக்கி இயக்கிய நிலையிலும் அதே பகுதியை வாசிக்கட்டும். ஒலியளவு மூன்றிலும் சமமாயிருத்தல் அவசியம். சற்று உரக்க ஒலிப்பதைச் செவி சிறந்ததென்று மயங்கும். நண்பனொருவன் பெடலை மிதிக்க, வாசிப்பவன் பாராது நின்று கேட்பானாயின் விலையும் பெயரும் அவனை ஏமாற்றா.

எல்லா மாற்றமும் குற்றமன்று. 1970ஆம் ஆண்டளவில் வெளிவந்த எக்கோபிளெக்ஸ் கருவியின் மூன்றாம் வடிவம் மூலநாதத்திற்குத் தன் நிறத்தை ஏற்றியது. அந்நிறத்தை விரும்பி, எதிரொலி வேண்டாதபோதும் அதனூடாகவே வாசித்தோர் உண்டு. அவர்கள் அறிந்து தெரிந்தனர். அறியாமல் இழப்பதே துயரம். ஓர் இசைவாணன் நரம்பைத் தொடும் பாங்கு பல்லாண்டுப் பயிற்சியால் அமைவது. அதனைக் கேட்டே செவியுடையோர் அவனை அடையாளம் காண்கின்றனர். அத்தொடுகையை ஒரு சிறு பெட்டியிடம் பறிகொடுத்தபின், எத்துணை இனிய எதிரொலி எழுந்தாலும் அது யாருடைய குரலின் எதிரொலி என்பது விளங்காது போய்விடும்.