ஓட்டுநர் இருக்கை காலி: பதில் சொல்வது யார்?

   

கலிஃபோர்னியாவில் சான் புருனோ என்று ஓர் ஊர். 2025 செப்டம்பரில் ஓரிரவு, குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவர்களைப் பிடிக்க அங்கே போலீஸார் நின்றிருந்தார்கள். அவர்கள் கண்ணெதிரே ஒரு கார், திரும்பக் கூடாத இடத்தில் யூ டர்ன் அடித்தது. நிறுத்திப் பார்த்தால் உள்ளே ஆளே இல்லை. வேமோ நிறுவனத்தின் தானோட்டி டாக்ஸி. அபராதச் சீட்டை ஓட்டுநருக்குத்தானே கொடுக்க வேண்டும்? இயந்திரத்துக்கு எழுத அந்தச் சீட்டில் இடமில்லை. நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிவிட்டு வண்டியை அனுப்பிவைத்தார்கள்.

செய்தியைப் படித்தவர்கள் சிரித்தார்கள். தானோட்டிக் கார்களைப் பற்றி மக்களுக்கு இருக்கும் சந்தேகம் முழுவதும் அந்த எழுதப்படாத சீட்டில் அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து. இன்று நான் வாதிடப் போவதும் அதைத்தான்.

முதலில் நம்பிக்கையின் பக்கம். அது அற்பமானதல்ல. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்கு ஏறத்தாழ 11.9 லட்சம் பேர் சாலையில் சாகிறார்கள். நம் நாட்டில் 2022-இல் மட்டும் 1,68,491 பேர். குடி, தூக்கம், அவசரம், கையில் ஃபோன் என்று பெரும்பாலான விபத்துகளில் மனிதப் பிழைக்குப் பங்குண்டு. இயந்திரம் குடிக்காது, கண்ணயராது. பார்வையற்றவர்களுக்கும் முதியவர்களுக்கும் இன்னொருவரின் தயவில்லாமல் வெளியே போய்வரும் சுதந்திரம் கிடைக்கும். ஜப்பானில் மூப்படைந்துவரும் எய்ஹெய்ஜி என்ற சிற்றூரில், மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் ஊரும் ஓட்டுநரில்லா வண்டியை 2023 மே மாதம் விட்டார்கள். நிறுத்தியிருந்த சைக்கிளில் அது உரசியதும் சேவையையே நிறுத்தி வைத்துக் காரணம் தேடினார்கள். அந்த நிதானம் எனக்குப் பிடித்திருக்கிறது.

தொழில்நுட்பத்தின் வேகமும் மலைப்பானதுதான். 2004-இல் அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்ப்பா, மொஹாவி பாலைவனத்தில் பந்தயம் வைத்தபோது 15 வண்டிகளில் ஒன்றுகூட இலக்கை எட்டவில்லை. அதிக தூரம் போனதே 12 கி.மீ.தான். மறு ஆண்டே ஐந்து வண்டிகள் முழுத் தூரத்தையும் கடந்தன. 2020 அக்டோபரில் ஃபீனிக்ஸ் நகரில் ஆளில்லா டாக்ஸி பொதுமக்களுக்கே வந்துவிட்டது. மறுபுறம், அடுத்த ஆண்டே பத்து லட்சம் ரோபோ டாக்ஸிகள் சாலையில் ஓடும் என்று 2019-இல் ஈலோன் மஸ்க் சொன்னதும் உண்டு. மக்கள் இரண்டையும் பார்த்தார்கள். அமெரிக்க மோட்டார் சங்கம் 2025-இல் எடுத்த கணிப்பில் 61 சதவீதத்தினர் இந்தக் கார்களில் ஏறப் பயம் என்றார்கள். நம்பி ஏறுவோம் என்றவர்கள் 13 சதவீதம்.

இந்தப் பயத்தை அறியாமை என்று தள்ளிவிடுவது வல்லுநர்களுக்கு வழக்கம். எதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்று அருகில் போய்ப் பார்ப்போம்.

2018 மார்ச் 18. அரிசோனா மாநிலம், டெம்பி நகரம், இரவு பத்து மணி அளவில். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண்மணி சாலையைக் கடக்கிறார். ஊபரின் சோதனைக் கார் அவர்மீது மோதியது; அவர் இறந்தார். இயந்திரம் அவரைப் பார்க்கவில்லை என்றே பலரும் நினைத்தார்கள். தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணை வேறொன்றைச் சொன்னது. மோதுவதற்கு 5.6 விநாடிகளுக்கு முன்பே கருவி அவரைக் கண்டுவிட்டது. ஆனால் ஒரு நொடி அவரை வாகனம் என்றது, ஒரு நொடி இன்னதென்று தெரியாத பொருள் என்றது, பிறகு சைக்கிள் என்றது. பெயரை மாற்றும்தோறும் அவர் அதுவரை நகர்ந்துவந்த தடத்தை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கியது. ஆகவே அவர் எந்தப் பக்கம் போகிறார் என்பது அதற்குக் கடைசிவரை பிடிபடவில்லை. பாதசாரிக் கடவை இல்லாத இடத்தில் மனிதர் சாலையைக் கடப்பார் என்ற எண்ணமே மென்பொருளில் இல்லை. நம் ஊர்ச் சாலைகளை நினைத்துக்கொள்ளுங்கள்! காரைத் தயாரித்த வோல்வோ அதில் வைத்திருந்த அவசர பிரேக்கையும் சோதனை ஓட்டத்தின்போது செயலிழக்கச் செய்திருந்தார்கள்.

உள்ளே ஒருவர் இருந்தார், கண்காணிக்கும் ஓட்டுநராக. அவர் ஃபோனில் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார். அது தவறுதான்; மறுப்பதற்கில்லை. ஆனால் முன்பு காருக்கு இருவர் என்றிருந்ததை ஒருவராகக் குறைத்தது நிறுவனம். மணிக்கணக்கில் ஒன்றுமே செய்யாமல், கண்ணை மட்டும் சாலையில் நட்டிருப்பது மனிதரால் ஆகாத காரியம் என்பதை லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் 1983-லேயே எழுதிவிட்டார். முன்பு ஊபர் சோதனைக் கார்களின் பதிவைக் கலிஃபோர்னியா ரத்து செய்தபோது, இங்கே வாருங்கள் என்று அவற்றை வரவேற்றவர் அரிசோனா ஆளுநர். மாநிலத்தின் மேற்பார்வை போதவில்லை என்று வாரியமே குறை சொன்னது. முடிவு என்ன? நிறுவனத்தின்மீது குற்ற வழக்குக்கு முகாந்திரம் இல்லை என்று 2019-இல் அரசு வழக்கறிஞர் அறிவித்தார். 2023-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் வைக்கப்பட்டவர் அந்த ஓட்டுநர் ஒருவரே. இருந்தவர்களுள் எளியவர் அவர்.

விபத்து என்றதும் தத்துவப் பேராசிரியர்கள் ஒரு கேள்வியோடு வருவார்கள்: முதியவரைக் காப்பதா, குழந்தையைக் காப்பதா, கார் யாரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்? இதையே இணையத்தில் விளையாட்டுப் போல வைத்து, 233 நாடுகளிலிருந்தும் பகுதிகளிலிருந்தும் சுமார் 4 கோடி விடைகளைத் திரட்டினார்கள். சுவையான ஆராய்ச்சி. ஆனால் டெம்பியில் அந்தக் கார் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. முன்னால் இருப்பது ஒரு மனிதர் என்பதே அதற்குத் தெரியவில்லை.

அடுத்தது சான் பிரான்சிஸ்கோ. 2023 ஆகஸ்ட் 10 அன்று வேமோவுக்கும் குரூஸ் நிறுவனத்துக்கும் இரவு பகலாகக் கட்டண டாக்ஸி ஓட்ட மாநில ஆணையம் அனுமதி தந்தது. தீயணைப்பு வண்டிகளின் வழியை மறிக்கின்றன என்று அந்தத் துறையே முறையிட்டிருந்தும் தந்தது. மறுநாள் இரவே பத்துக் குரூஸ் கார்கள் ஒரே இடத்தில் நின்றுபோய் தெருவை அடைத்தன. சில நாளில் ஒன்று ஈர கான்கிரீட்டில் போய்ப் புதைந்தது. இன்னொன்று தீயணைப்பு வண்டியோடு மோதியது. அதற்கு முன்பே சிலர் ஒரு போராட்டம் கண்டுபிடித்திருந்தார்கள்: சாலையில் கிடக்கும் கூம்பு ஒன்றை எடுத்துக் காரின் பானெட்மேல் வைத்தால் போதும், அது அசையாது. முடிவு ஊர் மக்கள் கையில் இல்லாததால் அவர்கள் பதிவு செய்த வாக்கு அது என்றே எடுத்துக்கொள்கிறேன்.

அக்டோபர் 2 அன்று அந்த நகரில் மனிதர் ஓட்டிய கார் ஒன்று ஒரு பெண்ணை இடித்துத் தள்ளிவிட்டு ஓடிவிட்டது. அவர் விழுந்தது குரூஸ் காரின் பாதையில். அதுவும் அவர்மீது மோதி நின்றது. அதோடு விட்டிருந்தால் இயந்திரத்தின்மேல் பெரிய குறை சொல்ல முடியாது. பக்கவாட்டில் இடிபட்டதாக எண்ணிக்கொண்டு, ஓரங்கட்டுவதற்காக மறுபடி நகர்ந்தது. அடியில் சிக்கியவரைச் சுமார் 6 மீட்டர் இழுத்துச் சென்றது. நிறுவனம் முதலில் தந்த அறிக்கையில் இந்த இழுத்துச் சென்ற செய்தி இல்லை. உரிமம் நிறுத்தப்பட்டது, தலைமை நிர்வாகி விலகினார், பொய் அறிக்கை தந்ததை நிறுவனம் பின்னர் ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியது. 2024 டிசம்பரில் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் ரோபோ டாக்ஸித் தொழிலையே கைவிட்டது. குரூஸைக் கவிழ்த்தது அந்த 6 மீட்டர் மட்டுமல்ல, அதை மறைத்தது.

"புள்ளிவிவரம் பாருங்கள், மனிதரைவிட இயந்திரமே மேல்" என்பார்கள். பார்த்தேன். வேமோவும் ஸ்விஸ் ரீ காப்பீட்டு நிறுவனமும் 2.53 கோடி மைல் ஓட்டத்தை ஆராய்ந்து, காயத்துக்கான இழப்பீட்டுக் கோரிக்கைகள் 92 சதவீதம் குறைவு என்று 2024-இல் சொன்னார்கள். பாராட்ட வேண்டியதுதான், ஆனால் ஆராய்ந்தவர்களுள் ஒருவர் கார் ஓட்டும் நிறுவனமே. மேலும், உயிரிழப்பில் மனிதருக்கு இணை என்று உறுதியாகச் சொல்லவே, ஒரு சாவும் இல்லாமல் 27.5 கோடி மைல் ஓட வேண்டும் என்று ராண்ட் ஆய்வு நிறுவனம் 2016-இல் கணக்கிட்டது. நூறு கார்கள் இரவு பகல் ஓய்வின்றி ஓடினாலும் பன்னிரண்டரை ஆண்டு ஆகும். ஆக, பாதுகாப்பு முழுமையாக நிரூபணமாகும் வரை காத்திருக்கவும் முடியாது, காத்திராமல் விடுவதும் நம் உயிரை வைத்துச் சோதிப்பதே. இந்த இக்கட்டில் சட்டம்தான் கைகொடுக்க வேண்டும்.

பிரிட்டன் 2024-இல் இயற்றிய தானியங்கி வாகனச் சட்டம் வழி காட்டுகிறது. கவனமும் திறமையும் உள்ள மனித ஓட்டுநரின் தரம்தான் அங்கே அளவுகோல். கார் தானே ஓட்டும்போது நேரும் ஓட்டப் பிழைகளுக்கு உள்ளே இருப்பவர்மீது குற்றம் சாட்டக் கூடாது. அனுமதி பெற்ற நிறுவனமே பதில் சொல்ல வேண்டும். விதி மீறும் தானோட்டிக்காக நிறுவனத்துக்கு நோட்டீஸ் தரும் சட்டத்தைக் கலிஃபோர்னியாவும் 2024-இல் இயற்றியது. நடைமுறைக்கு வரும் ஆண்டாக 2026-ஐக் குறித்தது.

நம் நாட்டுக்கு வருவோம். ஓட்டுநர்களின் வேலை போகும், ஆகவே விட மாட்டோம் என்று போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி 2017-லிருந்தே சொல்லிவருகிறார். அந்த அக்கறையை மதிக்கிறேன். ஆனால் அமைச்சரின் பேச்சு சட்டமாகாது. தானே பிரேக் போடும், தானே தடம் பிடிக்கும் கார்கள் நம் ஷோரூம்களுக்கு வந்தாயிற்று. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமோ, எல்லா வண்டிக்கும் உரிமம் பெற்ற ஓட்டுநர் ஒருவர் உண்டு என்று நம்பி எழுதப்பட்டது. 2019-இல் அதில் 2பி என்று ஒரு பிரிவைச் சேர்த்திருக்கிறார்கள்: புதுமையை ஊக்குவிக்கச் சில வகை வாகனங்களுக்கு இந்தச் சட்டத்திலிருந்தே மத்திய அரசு விலக்கு அளிக்கலாம். கதவு அங்கே திறந்திருக்கிறது.

இந்த அவையில் சட்ட மாணவர்கள் நிறைய இருக்கிறீர்கள். அந்தப் பிரிவின்கீழ் என்றாவது விதிகளின் வரைவு அரசிதழில் வெளியாகும். பொதுமக்களின் கருத்தும் கேட்கப்படும். அப்போது மூன்று வரிகள் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள்: ஓட்டுநர் என்ற இடத்தில் எந்த நிறுவனத்தின் பெயர் எழுதப்படும், விபத்தின் பதிவுகளை எத்தனை மணி நேரத்துக்குள் யாரிடம் ஒப்படைக்க வேண்டும், அடிபட்டவருக்கு வழக்கு முடியும் வரை காத்திராமல் இழப்பீட்டைக் கொடுப்பது யார். இல்லையென்றால் உங்கள் ஆட்சேபத்தை எழுதி அனுப்புங்கள்.