மருந்து டப்பாவில் இருக்கிற சிவப்புக் கட்டம்

(எம்.ரெட்டியபட்டியில் இ-சேவை மையப் பணியாளர்களுக்கும் கணினி படிக்கும் இளைஞர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் மானாவாரிப் பருத்தி போடுகிறவர்களுக்கு மருந்து டப்பா புதிதல்ல. அதில் சாய்சதுரமாக ஒரு கட்டம் இருக்கும், கவனித்திருப்பீர்கள். கீழ்ப்பாதி சிவப்பு என்றால் மிகக் கடுமையான நஞ்சு. அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. 1971-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லி விதிகளின்படி வந்த ஏற்பாடு இது. நஞ்சு ஏறினால் என்ன மாற்று மருந்து என்பதையும் அந்த லேபிளில் எழுத வேண்டும். "பூச்சியைக் கொல்லும்" என்று மட்டும் எழுதிவிட்டு விட்டால் போதுமா? போதாது.

இன்று நான் பேச வந்தது கணினிக்குள் இருக்கிற மருந்து டப்பாக்களைப் பற்றி.

கேட்டால் பதில் சொல்லும் ஏ.ஐ. நமக்குப் பழகிவிட்டது. இப்போது வந்திருப்பது ஏ.ஐ. ஏஜென்ட். அது வேலையையே செய்யும். கோப்பைத் திறக்கும், பதிவைத் திருத்தும், தேவைப்பட்டால் அழிக்கும். ஒவ்வொரு வேலைக்கும் அதன் கையில் ஒரு மென்பொருள் கருவி கொடுக்கிறோம். எதை எடுப்பது என்று முடிவு செய்ய, கருவியின் பெயரையும் அதோடு எழுதியிருக்கும் நாலு வரி விளக்கத்தையும்தான் அது பெரிதும் நம்புகிறது.

என் கதையையே சொல்கிறேன். முகாம் புகைப்படங்களை ஒழுங்குபடுத்த ஒரு ஏஜென்ட்டிடம் சொன்னேன். அது எடுத்த கருவியின் விளக்கம், "இரண்டு கோப்புறைகளையும் ஒரே மாதிரி ஆக்கும்" என்பதுதான். என் கணினியில் இடம் போதாமல் படங்களை ஏற்கெனவே அழித்திருந்தேன். சேமிப்பில் இருந்த பிரதியையும் அது அழித்து, இரண்டையும் "ஒரே மாதிரி" ஆக்கிவிட்டது! பாதிப் படங்கள் நண்பரின் பென் டிரைவில் கிடைத்தன. மீதி போனது போனதுதான். "ஒரு பக்கம் இல்லாததை மறுபக்கமும் அழிக்கும்" என்று ஒரு வரி இருந்திருந்தால் நானாவது நிறுத்தியிருப்பேன்.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. 2025 ஜூலையில், ரெப்ளிட் நிறுவனத்தின் ஏஜென்ட், ஜேசன் லெம்கின் என்ற தொழில்முனைவோரின் தரவுத்தளத்தை அழித்தது. அனுமதியில்லாமல் எதையும் மாற்றாதே என்று அவர் சொல்லியும் அழித்தது. 1,200-க்கும் மேற்பட்ட நிர்வாகிகளின் விவரம் அதில் இருந்தது. மீட்க முடியாது என்று ஏஜென்ட் சொன்னது; ஆனால் மீட்க முடிந்தது. அதாவது, தான் செய்ததைத் திருப்ப முடியுமா என்பதுகூட அதற்குச் சரியாகத் தெரியவில்லை.

சரி, எப்படி எழுத வேண்டும்? ஒரு பேச்சுக்கு, முதியோர் உதவித்தொகைப் பட்டியலில் வேலை செய்யும் ஒரு கருவி என்று வைத்துக்கொள்வோம். "பட்டியலைச் சீரமைக்கும்" என்று எழுதினால் தப்பு. இப்படி எழுதலாம்:

"பயனாளியின் பதிவை நிரந்தரமாக அழிக்கும். திரும்பப் பெற முடியாது. அவருக்கு மாதத் தொகை நின்றுவிடும். தற்காலிகமாக நிறுத்த இதைப் பயன்படுத்தாதே. 'நிறுத்திவை' கருவியை எடு. அலுவலர் ஒப்புதல் இல்லாமல் இயக்காதே."

என்ன அழியும், திரும்புமா, யாருக்குப் பாதிப்பு, பதிலுக்கு எது, யாரைக் கேட்க வேண்டும். ஐந்து கேள்விக்கு ஐந்து பதில். அவ்வளவுதான்.

ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்.சி.பி. என்ற பொது விதிமுறையில், இந்தக் கருவி அழிக்கக்கூடியதா என்று குறிக்கப் பிறகு ஓர் இடம் சேர்க்கப்பட்டது. எதுவும் குறிக்காமல் விட்டால், அழிக்கக்கூடியது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். லேபிள் இல்லாத டப்பாவை விஷம் என்று நினைத்துக்கொள்கிற மாதிரி!

ஆனால் ஒன்று. லேபிள் பூட்டு ஆகாது. லெம்கின் சொல்லியும் கேட்கவில்லையே. அதனால் அழிக்கும் கருவிக்கு மனிதர் ஒப்புதல் இல்லாமல் ஓடாத பூட்டும் வேண்டும், தனியாக ஒரு பிரதியும் வேண்டும். மருந்து டப்பாவைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பரண் மேல் வைக்கிறோம் இல்லையா?

இங்கே கணினி படிக்கிற தம்பி, தங்கைகளே, நாளைக்கு நீங்களும் கருவி எழுதுவீர்கள். எழுதி முடித்ததும் அந்த விளக்கத்தை உங்கள் பாட்டியிடம் வாசித்துக் காட்டுங்கள். "அப்ப என் பணம் நின்னுபோகுமா?" என்று அவர் கேட்டால், நீங்கள் சரியாக எழுதியிருக்கிறீர்கள்.