உண்ணி ஏறாத தோல்

தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இது நினைவிருக்கும். பால் கறக்குமுன் மாட்டின் காதைத் திருப்பிப் பார்த்து, அலைதாடியைத் தடவி, மடிக்கும் தொடைக்கும் நடுவே விரல் விட்டு உண்ணி பிடுங்குவார்கள். ஆமணக்கு விதைபோல் உப்பிய உண்ணி நேரே அடுப்புக்குப் போகும். தரையில் விட்டால் ஒரு பெட்டை 2,000 முட்டைக்கு மேல் இட்டுவிடும். இரத்தம் குடிப்பதோடு, மாட்டை இரத்தமாக மூத்திரம் போகவைக்கும் காய்ச்சலையும் பரப்புவது இதுதான்.

ஆனால் ஒரே கொட்டகையில் சீமை மாட்டின் மேல் கொத்துக்கொத்தாக இருக்கும். பக்கத்தில் நிற்கும் திமில் மாட்டில் தேடினாலும் நாலைந்துதான் கிடைக்கும். ஏன்?

உண்ணிக் குஞ்சு கடித்ததும் திமில் மாட்டின் தோல் வீங்கி அரிக்கிறது. மாடு உடனே நாக்கால் நக்கி எடுத்துவிடுகிறது. குட்டையான வழவழப்பு மயிரில் குஞ்சு ஒளிய இடமில்லை. அந்த அரிப்புதான் அதற்குக் காவல். கன்றுப் பருவத்திலேயே கடிபட்டுப் பழகினால் இந்தக் காவல் இன்னும் பலப்படும். தாயிடமிருந்தும் காளையிடமிருந்தும் கன்றுக்கு இறங்குகிற குணம் இது.

இதை ஆஸ்திரேலியர்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். 1872-இல் பத்தாவியாவிலிருந்து, அதாவது இன்றைய ஜகார்த்தாவிலிருந்து, டார்வினுக்குப் போன மாடுகளோடு உண்ணியும் கரையேறியது. அங்கிருந்த ஐரோப்பிய மாடுகள் தாங்கவில்லை. பிற்பாடு குயின்ஸ்லாந்தில் பஞ்சாப் பகுதியின் சாகிவாலை ஃப்ரீசியனோடு கலந்து, பாலும் கறக்க வேண்டும், உண்ணியும் ஏறக்கூடாது என்று பார்த்துப் பார்த்துப் பொறுக்கினார்கள்.

அதே கலப்புதான் நம் ஜொகூர் மாநிலத்தில், குளுவாங் கால்நடை நிறுவனத்தில், 'மஃப்ரிவால்' ஆனது. மலேசியா, ஃப்ரீசியன், சாகிவால் மூன்றும் சேர்ந்த பெயர் அது. இவை போக, நம் முன்னோர் வளர்த்த இந்தியக் கறவை மாடுகளும், சிறுத்த உடம்புள்ள கெடா-கிளந்தான் மாடுகளும் இந்த வெயிலுக்கும் உண்ணிக்கும் ஈடுகொடுத்தவை.

மருந்து தெளித்தால் போதாதா என்பீர்கள். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் உண்ணி அதற்குப் பழகிவிடும். மாட்டின் தோலை ஏமாற்றுவது அவ்வளவு சுலபமில்லை.

மாடு வளர்க்கும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. கன்று வாங்கப் போனால் தாயின் மடியை மட்டும் பார்த்துத் திரும்பாதீர்கள். காதையும் தொடையிடுக்கையும் தடவிப் பாருங்கள். உண்ணி குறைந்த மாட்டின் கன்றை விற்காமல் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.