கண் மங்கும்போது

(நூற்றாண்டு விழாவையொட்டிக் கல்லூரி மண்டபத்தில் பழைய மாணவிகளுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மண்டபத்துக்குள் நான் முதன்முதலில் வந்தது ஆறாம் வகுப்பில். மேடைக்கு மேலே எழுதியிருக்கும் கல்லூரி வாசகம் அப்போது எனக்கு ஒரு வெள்ளைக் கோடு. எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். வகுப்பில் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதுகிறேன் என்று கணித ரீச்சர் இரண்டு நாள் ஏசினார். மூன்றாம் நாள் என்னை முன்வாங்கில் இருத்திப் பார்த்துவிட்டு, அம்மாவைக் கூப்பிட்டனுப்பினார். கண்ணாடி போட்டு வந்த அன்றுதான் வாசகத்தின் கீழே ஓர் ஆண்டும் எழுதியிருப்பதைக் கண்டேன்.

அது 90களின் தொடக்கம். மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்துத்தான் பிள்ளையின் கண் பழுதானது என்று அம்மா நெடுங்காலம் கவலைப்பட்டார். பாவம், அந்த விளக்கில் குற்றமில்லை. கண்கோளம் சற்று நீளமாக வளர்ந்ததால், தூரத்துப் பொருளின் ஒளி விழித்திரையில் விழாமல் அதற்கு முன்னேயே குவிந்துவிட்டது. அவ்வளவுதான் கிட்டப்பார்வை. இன்று தாய்மாராக இருக்கும் தங்கைமாருக்கு இதைச் சொல்கிறேன்: பிள்ளை தனக்குத் தெரியவில்லை என்று சொல்லாது. தெளிவாகத் தெரிவது எப்படியிருக்கும் என்பதே அதற்குத் தெரியாது. ஒரு கண் மட்டும் மங்கலானால் மற்றக் கண்ணால் சமாளித்துக்கொள்ளும். ஏழெட்டு வயதுக்குள் கண்டுபிடிக்காவிட்டால் அந்தக் கண் சோம்பிவிடும், பிறகு திருத்துவது கடினம்.

நாற்பதைத் தாண்டிய என் வயதுக்காரருக்கு வெள்ளெழுத்து. ஊசிக்கு நூல் கோர்க்கக் கை நீளம் போதாமல் வரும். அது நோயல்ல, கண்வில்லையின் நெகிழ்வு குறைவதுதான். ஒரு மட்டையில் குண்டூசியால் துளையிட்டு அதனூடாகப் பாருங்கள். மங்கல் தெளிந்தால் பெரும்பாலும் கண்ணாடியோடு தீரும் விடயம். கண் சிமிட்டியதும் தெளிகிற மங்கல் அநேகமாகக் கண் உலர்வு. கைத்தொலைபேசியைப் பார்க்கும்போது நாம் சிமிட்ட மறந்துவிடுகிறோம். எதிரே வரும் மோட்டார் சைக்கிளின் லைற் இரவில் கண்ணைக் கூசச் செய்து, கண்ணாடியின் அளவும் அடிக்கடி மாறினால் வெண்புரையாக இருக்கலாம். அது "முற்றட்டும்" என்று காத்திருந்த காலம் போய்விட்டது. அன்றாட வேலைக்கு இடைஞ்சல் என்றால் சத்திரசிகிச்சை செய்யலாம்.

நான் கண் வைத்திய நிபுணர் அல்ல. நீரிழிவு நோயாளரைப் பார்க்கும் பொது வைத்தியர். ஆகவே இதை அழுத்திச் சொல்ல எனக்கு உரிமையுண்டு: சீனி ஏறி இறங்கும்போது கண்வில்லை வீங்கி வற்றும், பார்வையும் மாறும். சீனி கட்டுப்படுமுன் புதுக் கண்ணாடி வாங்கினால் காசுதான் நட்டம். விழித்திரையின் இரத்தக் குழாய்கள் பழுதாவதோ வேறு கதை. தொடக்கத்தில் மங்கல்கூட இராது. "எனக்கு வடிவாத் தெரியுது டொக்டர், ஏன் கண் கிளினிக்?" என்று கேட்பவர்களைத்தான் நான் முதலில் அனுப்புகிறேன். நோய் கண்டறிந்த நாளிலிருந்து ஆண்டுக்கொரு தடவை, மருந்து விட்டுக் கண்மணியை விரித்துப் பார்க்க வேண்டும். அன்று சில மணி நேரம் மங்கலாயிருக்கும், ஸ்கூட்டரில் போகாதீர்கள்.

இனிச் சொல்வது எனக்குச் சுலபமல்ல. என் சின்னம்மா தொலைபேசியில், "வெளிச்சம் காணாது பிள்ளை, எல்லாம் மங்கலாக் கிடக்கு" என்றார். "வயசுதானே சின்னம்மா, கண்ணாடியை மாத்துங்கோ" என்றேன். கடையில் மாற்றினார். அடுத்த பொங்கலுக்குப் போனபோது பக்கத்திலிருந்த தேநீர்க் கோப்பையைத் தட்டிவிட்டார், வாசற்படியில் தடக்கினார். குளுக்கோமா. வலது கண்ணில் நடுப்பகுதி மட்டும் மிஞ்சியிருந்தது. கண்ணுள் அமுக்கம் கூடிப் பார்வை நரம்பு ஓரத்திலிருந்து தேய்ந்துவருகிற நோய் அது, போனது திரும்பாது. இப்போது தவறாமல் சொட்டு மருந்து விடுகிறார், மிச்சம் நிற்கிறது. அவருடைய தாயாருக்கும் கடைசிக் காலத்தில் கண் தெரியாது. அது எங்கள் வீட்டில் எல்லோரும் அறிந்த விடயம். வைத்தியரான நான் அதை நினைத்துப் பார்க்கவில்லை. உங்கள் குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் நாற்பது வயதுக்குமேல் அமுக்கத்தையும் நரம்பையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கண்சிவப்புக்கென்று யாரோ தந்த சொட்டு மருந்தைத் தொடர்ந்து விடாதீர்கள். அவற்றுள் ஸ்டீரொயிட் கலந்தவை அமுக்கத்தைக் கூட்டும்.

இவற்றுக்கெல்லாம் கிளினிக் நாள்வரை பொறுக்கலாம். சிலவற்றுக்குப் பொறுக்கக்கூடாது. மின்னல்போல வெட்டி, கரும்புள்ளிகள் திடீரெனப் பெருகி, ஒரு பக்கத்தில் திரை இறங்குவதுபோல் இருந்தால் விழித்திரை கழன்றுகொண்டிருக்கலாம். கண் சிவந்து, வலியும் சத்தியுமாக, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்தால் அது வயிற்றுக் கோளாறல்ல. ஒரு கண் திடீரென இருண்டு சில நிமிடத்தில் தெளிந்தாலும், தெளிந்துவிட்டதே என்று படுக்காதீர்கள். பாரிசவாதத்தின் முன்னறிவித்தலாக இருக்கலாம். கர்ப்பிணிக்குத் தலையிடியோடு பார்வை மங்கினால் குருதி அமுக்கம் ஏறியிருக்கக்கூடும். இந்த நான்குக்கும் அன்றைக்கே வைத்தியசாலை, இரவானாலும்.

இப்போது ஒரு வேலை செய்வோம். கண்ணாடி போடுபவர்கள் போட்டபடியே இருங்கள். வலது கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மூடி, மேடைக்கு மேலுள்ள வாசகத்தையும் கீழே உள்ள ஆண்டையும் வாசியுங்கள். இனி இடது கண்ணை மூடுங்கள். எந்தக் கண்ணுக்காவது எழுத்து மங்கியவர்கள் தேநீருக்குப் போகுமுன் என்னிடம் வாருங்கள். இரண்டுக்கும் நன்றாகத் தெரிந்தவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: குளுக்கோமாவை இந்தச் சோதனை காட்டாது. எனக்குத் தொலைபேசி எடுத்த அன்று சின்னம்மாவும் இதை வாசித்திருப்பார்.