"கூடியவரை" என்ற சொல் போக வேண்டும்!

(தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



எச்.ஐ.வி. நோய்க்கான மருந்தை யார் கொடுப்பது, சலுகையாகக் கொடுப்பதா உரிமையாகக் கொடுப்பதா என்ற பிரச்னையைப் பற்றி இன்று பேசுகிறோம். சங்கக் கூட்டத்தில் இதற்கென்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நம் நாட்டில் சுமார் 25 லட்சம் பேர் இந்தக் கிருமியோடு வாழ்கிறார்கள். லாரி ஓட்டுகிறவர், கட்டிட வேலை செய்கிறவர், புருஷன் மூலம் நோய் வந்த பெண், தாயிடமிருந்து பெற்ற குழந்தை என எல்லோரும் இவர்களில் இருக்கிறார்கள். உழைக்கும் ஜனங்களின் பிரச்னை நம் பிரச்னை இல்லையென்றால், வேறு எது நம் பிரச்னை?

முதலில் விஷயத்தைத் தெரிந்துகொள்வோம். இந்த நோயை அடியோடு போக்கும் மாத்திரை இன்னும் இல்லை. ஆனால் அதை அடக்கிவைக்கும் மருந்து இருக்கிறது. இன்று பெரும்பாலோருக்குத் தினம் ஒரு மாத்திரை போதும். அதை விடாமல் சாப்பிட்டால், பரிசோதனையில் தெரியாத அளவுக்கு இரத்தத்தில் கிருமி குறைந்துவிடும். அந்த நிலையிலேயே இருப்பவரிடமிருந்து உடலுறவின் மூலம் நோய் பரவுவதில்லை. சீக்கிரமே மருந்து கொடுத்தால் துணைவருக்கு நோய் தொற்றுவது 96 சதவிகிதம் குறைகிறது என்று 2011லேயே ஓர் ஆராய்ச்சி காட்டிவிட்டது. பல நாடுகளில் நடந்த அந்த ஆராய்ச்சிக்குச் சென்னையும் ஒரு கேந்திரம். ஆகவே ஒருவருக்குக் கொடுக்கும் மருந்து ஊருக்கே போடும் வேலி. அந்த மருந்து இடையிடையே நின்றால் என்ன ஆகும்? கிருமி மருந்தை எதிர்த்து நிற்கப் பழகிவிடும். பிறகு அதிக விலையுள்ள வேறு மருந்தைத் தேடி அலைய வேண்டும்.

"அதுதான் இன்ஷூரன்ஸ் அட்டை இருக்கிறதே!" என்கிறார்கள். 2018ல் மத்திய சர்க்கார் கொண்டுவந்த திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்ச ரூபாய். கேட்க இனிக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் அந்தப் பணம் வரும். வீடு திரும்பிய பிறகு 15 நாள் வரை மருந்துச் செலவு கிடைக்கும். பதினாறாம் நாள் என்ன செய்வது? எச்.ஐ.வி. உள்ளவர் படுக்கையில் விழாமலிருப்பதற்குத்தானே ஆயுள் முழுதும் மாத்திரை சாப்பிடுகிறார்! விழுந்த பின் பணம் கட்டும் அட்டை, விழாமல் காக்கும் மாத்திரைக்கு ஈடாகுமா?

தனியார் இன்ஷூரன்ஸின் கதையும் தெரிந்ததே. நோயைக் காரணம் காட்டி இன்ஷூரன்ஸ் மறுக்கக் கூடாது என்று 2017ம் வருஷச் சட்டம் சொல்கிறது. ஆனால் கம்பெனியின் ஆயுள் கணக்கு ஆதரவாக இருந்தால் மறுக்கலாம் என்று அதே ஷரத்திலேயே ஒரு சந்தும் விட்டிருக்கிறது!

ஆகவே நமக்குக் கதி, சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் உள்ள இலவசக் கூட்டு மருந்து சிகிச்சை மையங்கள்தான். அவை யாருடைய தயவாலும் வந்துவிடவில்லை. 1986ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் டாக்டர் நிர்மலாவும் இந்தியாவில் இந்த நோயை முதன்முதலாகக் கண்டுபிடித்தார்கள். இலவச மருந்துத் திட்டம் துவங்கியதோ 2004 ஏப்ரல் 1ந் தேதி, அதுவும் எட்டே ஆஸ்பத்திரிகளில். தாம்பரம் அவற்றில் ஒன்று. இடையே 18 வருஷங்கள்! மருந்து கண்டுபிடிக்கப்பட்ட பிறகும் ஏழைக்கு எட்டவில்லை. ஏன்? பன்னாட்டு ஏகபோகக் கம்பெனிகள் ஒரு நோயாளிக்கு வருஷத்துக்கு 10,000 டாலருக்கு மேல் விலை வைத்திருந்தன. 2001ல் இந்தியாவின் சிப்ளா கம்பெனி அதே கூட்டு மருந்தை, எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. மருந்தின் விலை எது, கொள்ளை லாபம் எது என்று உலகமே அன்று தெரிந்துகொண்டது.

இது எப்படிச் சாத்தியமாயிற்று? 1970ம் வருஷப் பேடண்ட் சட்டம் மருந்துக்குப் பேடண்ட் தரவில்லை; தயாரிக்கும் முறைக்கு மட்டுமே தந்தது. அதனால் வேறு முறையில் தயாரிக்க நம் கம்பெனிகளால் முடிந்தது. உலக வர்த்தக ஸ்தாபனத்தின் ஒப்பந்தப்படி 2005ல் இந்தச் சட்டம் மாற்றப்பட்டது. பார்லிமெண்டில் இடதுசாரிகள் கொடுத்த நெருக்கடியால் சில பாதுகாப்புகளாவது அதில் மிஞ்சின. பிரேசிலைப் பாருங்கள். 1996லேயே இலவச மருந்தை அந்நாடு சட்டமாக்கியது. 2007ல் ஒரு மருந்தின் விலையைக் கம்பெனி போதிய அளவு குறைக்க மறுத்தபோது, பேடண்டை மீறிக் கட்டாய லைசென்ஸ் போட்டு, அதே மருந்தை இந்தியாவிலிருந்து வாங்கியது. மனமிருந்தால் சர்க்காரால் முடியும்!

நம் சட்டம் என்ன சொல்கிறது? 2017ல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10ந் தேதி அமுலுக்கு வந்த எச்.ஐ.வி. சட்டத்தின் 14வது ஷரத்தைப் படியுங்கள். பரிசோதனையும் மருந்தும் "கூடியவரை" தரப்படும் என்கிறது. ஒரே ஒரு சொல்தான், தோழர்களே! அந்த ஒரு சொல்லுக்குள் உரிமை முழுவதும் கரைந்துபோகிறது. வீட்டுக்காரர் வாடகையைக் கூடியவரை வாங்குகிறாரா? கிருமிதான் கூடியவரை பெருகுகிறதா?

அந்தச் சொல்லின் பலனை 2022ல் கண்டோம். கொள்முதல் டெண்டர் தாமதமானது. பல மாநிலங்களில் மருந்து தட்டுப்பட்டது. ஒரு மாதத்துக்கு வாங்கிப்போக வந்தவர்களுக்குச் சில நாள் மாத்திரையைக் கொடுத்து, மறுபடி வரச் சொன்னார்கள். தினக்கூலிக்காரர் ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலியையும் பஸ் சார்ஜையும் இழந்தார். நோயாளிகளே டில்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு ஸ்தாபனத்தின் வாசலில் ஜூலை மாதம் உட்கார்ந்தார்கள். 40 நாளுக்கு மேல் போராட்டம் நீடித்தது. ஊரார் பார்வைக்கு அஞ்சி நோயை மறைத்து வாழ வேண்டியவர்கள், பகிரங்கமாகத் தெருவில் உட்கார்ந்தார்கள் என்றால், அந்தத் துணிவுக்கு நாம் தலைவணங்க வேண்டாமா?

ஆகவே நமது கோரிக்கைகள் இவை:

1. சட்டத்திலிருந்து "கூடியவரை" என்ற சொல்லை நீக்கி, மருந்தும் பரிசோதனையும் கட்டாய உரிமை என்று எழுத வேண்டும்.

2. கொள்முதல் தாமதமானாலும் தட்டாத அளவுக்கு, ஒவ்வொரு மாநிலத்திலும் பல மாத மருந்து கையிருப்பு இருக்க வேண்டும்.

3. நிலைமை சீராக உள்ளவர்களுக்கு மூன்று மாத மருந்தை ஒரே தடவையில் தர வேண்டும். வந்துபோகப் பஸ் செலவும் தர வேண்டும்.

4. காசநோய் முதலாக இந்நோயோடு ஒட்டிவரும் நோய்களுக்கான மருந்தும் ஸ்கேனும், படுக்கையில் சேராதவருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும்.

தோழர்களே! நோய் வந்தவரை ஒதுக்குகிறவன் முதலாளிக்கு உதவி செய்கிறான். இன்று இந்த நோய்க்கு "கூடியவரை" என்பவர்கள், நாளை சர்க்கரை நோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் அதையே சொல்வார்கள். உங்கள் வட்டாரத்து மையத்தில் மருந்து ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள்; யாருடைய பெயரையும் கேட்காமல் விசாரியுங்கள். தட்டுப்பட்டால் சங்கத்துக்குச் சொல்லுங்கள். மருந்துக்கு நிற்கிறவர் தனியாள் அல்ல, அவர் பின்னால் தொழிலாளி வர்க்கம் நிற்கிறது என்று காட்டுவோம்!